காவலன் உருட்டும் சோழி

786

பபேடான், யாங்கோன்
14 ஜூன் 2025

அன்புள்ள தேவராஜுக்கு,

இனாயத்துல்லா எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் அத்தாவும் லாத்தாவும் இங்கே சுகம். பினாங்கில் நீயும் உன் கைப்பேசி பழுதுபார்க்கும் கடையும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். மின்னஞ்சலுக்கு எதற்கடா இத்தனை முகவுரை என்று நீ முணுமுணுப்பது இங்கே கேட்கிறது. அத்தா காதைத் திருகிச் சொல்லிக்கொடுத்த பழக்கம், சாகும்வரை போகாது.

நம் விளையாட்டின் மூன்றாம் அத்தியாயம் இத்துடன் இருக்கிறது. நீர்க்கோட்டைக்குள் நுழைந்து மூழ்கிய மன்னனின் மணியைத் திருடும் பகுதி. கரண்டு எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாததால் முக்கால்வாசியைக் கைப்பேசியிலேயே தட்டினேன். பிழை இருந்தால் நீயே திருத்திக்கொள். லாத்தா நேற்று எட்டிப் பார்த்துவிட்டு, "படமும் இல்ல, பாட்டும் இல்ல, வெறும் எழுத்து. படகுல ஏறுன்னு தட்டுனா ஏறிட்டேங்குது. இத எவன்டா தம்பி காசு குடுத்து வாங்குவான்?" என்று கேட்டாள். காசுக்கு இல்லை லாத்தா, சும்மாதான் வெளியிடப் போகிறோம் என்றேன். அதற்கு அவள் பார்த்த பார்வையை எழுத்தில் சொல்ல முடியாது.

இப்போது ஒரு சண்டை. நீ அனுப்பிய சோதனைப் பிரதியை ஆடிப் பார்த்தேன். நான் எழுதிய கதைதான், ஆனால் கோட்டை வாசலில் நீ ஒரு காவலனை நிறுத்திவைத்திருக்கிறாய். அவன் சோழி உருட்டுகிறான். நிமிர்ந்து விழுந்தால் உள்ளே விடுகிறான். கவிழ்ந்து விழுந்தால், "உன் பெயர் வந்துவிட்டது. இனி நீ மன்னனின் சேனையில் ஒருவன்" என்கிறான். ஆட்டம் முடிந்தது. முதல் தடவையே எனக்குக் கவிழ்ந்து விழுந்தது, தேவா. கைப்பேசியை அணைத்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டேன். ஒரு வாரம் ஒரு வரிகூட எழுத ஓடவில்லை.

நீ போன பிறகுதான் எங்கள் வார்டில் இந்தக் குலுக்கல் ஒழுங்காக நடக்க ஆரம்பித்தது. பெயர்களைச் சுருட்டி டப்பாவில் போட்டு எடுக்கிறார்கள். பெயர் விழுந்தவன் பட்டாளத்துக்குப் போக வேண்டும். அவர்கள் எடுக்கும் வயதை நான் இன்னும் தாண்டவில்லை. தாய்லாந்து எல்லை தாண்டி மேசோட்டுக்கு ஆள் கடத்திவிடும் தரகர் ஒருவர் வருகிற மாதம் ஒரு வண்டி இருக்கிறது என்கிறார். லாத்தா தினமும் இதே பாட்டுத்தான்: "பேரு உழுவுறதுக்கு முன்னாடி போயிட்டா எவனும் கேக்க மாட்டான். உழுந்தப்பறம் ஓடுனா அத்தாவத்தான புடிச்சு உக்கார வைப்பானுவ?" அவள் சொல்வது சரிதான். ஆனால் அத்தாவுக்குக் குடைக்கடை ஏணியில் ஏறக்கூட இப்போது நான் பிடிக்க வேண்டியிருக்கிறது. மனசு அங்கேயும் இங்கேயும் ஆடுகிறது.

அந்தச் சோழியை எடுத்துவிடு. உன் நிரலைத் திறந்து நானே எடுக்கலாம் என்றால் எனக்கு அது எறும்பு ஊர்ந்த தாள் மாதிரி இருக்கிறது, ஓர் எழுத்தும் விளங்கவில்லை.

உன்
இனாயத்

---

உ

பினாங்கு
17 ஜூன் 2025

அன்பு மாப்பிள்ளை இனாயத்துக்கு,

உன் அத்தியாயம் வந்தது. படித்துவிட்டு, கடைக்கு வந்த ஆளை அரை மணி நேரம் காக்கவைத்தேன். மன்னனின் குளத்துக் கெளுத்திகள் வந்தவனின் நிழலைத் தின்னும் இடம் பிரமாதம். கியாக்தான் தீவுப் பகோடாவில் பொரி போடும்போது நீ பயந்து அலறிய அதே கெளுத்திகள்தானே? ஒப்புக்கொள்.

ஆனால் ஒவ்வொரு கதவுக்கும் ஏன் இத்தனை வர்ணனை? ஆடுகிறவன் கதவைத் திறக்க வந்தவன், கட்டிக்கொள்ள வந்தவன் இல்லை. பாதியை வெட்டிவிட்டேன். திட்டாதே.

சோழியை எடுக்க மாட்டேன். ஐந்து பேர் வந்தால் ஒருவர் பிடிபடுவார், அந்த அளவில்தான் வைத்திருக்கிறேன். பயமே இல்லாமல் கோட்டைக்குள் போக முடியுமென்றால் அது விளையாட்டு இல்லை, சந்தைக்குப் போய் வருவது. நீ எழுத்துக்குச் சொந்தக்காரன், நான் ஆட்டத்துக்குச் சொந்தக்காரன். இது முதலிலேயே பேசியதுதான். வேறு சில பிழைகளைச் சரிசெய்து புதுப் பிரதி அனுப்புகிறேன். அதை ஆடிப் பார்த்துவிட்டு ஒழுங்காக அடுத்த அத்தியாயத்தை எழுது.

தரகர் விஷயம். நீ போய்த்தான் ஆக வேண்டும். மேசோட்டிலிருந்து இங்கே கொண்டுவர ஆட்கள் இருக்கிறார்கள், என் அறையில் இன்னொரு பாய் போட இடமும் இருக்கிறது. அம்மா போனில் உன்னைத்தான் கேட்டாள். "இனாயத்து பேருக்கு அம்மன் கோயில்ல பூப்போட்டுப் பாக்கவா? வெள்ள வந்தா போவட்டும், செவப்பு வந்தா இருக்கட்டும்" என்றாள். பூவெல்லாம் வேண்டாம், முதலில் அவனை வண்டியில் ஏறச் சொல்லு என்றேன். அந்த வீட்டில் பூக்கேட்காமல் எனக்குப் புதுச் சட்டைகூட வாங்கியதில்லை, உனக்குத்தான் தெரியுமே. பரீட்சைக்கு உன்னையும் இழுத்துக்கொண்டு போய்ப் பார்த்தாள். உனக்கு வெள்ளை வந்தது, எனக்குச் சிவப்பு. நீ தேறினாய், நான் கோட்டைவிட்டேன். அதிலிருந்து நீ என்னைவிட அதிகமாக நம்ப ஆரம்பித்துவிட்டாய்.

போ. தள்ளிப்போடாதே.

பிரியமுள்ள
தேவா

---

786

பபேடான், யாங்கோன்
20 ஜூலை 2025

அன்புள்ள தேவராஜுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். மழை விடாமல் பெய்வதால் அத்தாவின் கடையில் குடை நன்றாக ஓடுகிறது. உன் உடம்பைப் பார்த்துக்கொள், அங்கே சாப்பாட்டில் எண்ணெய் அதிகம் என்று கேள்விப்பட்டேன்.

முதலில் நல்ல செய்தி. கதை முடிந்துவிட்டது. கடைசி அத்தியாயம் இத்துடன் இருக்கிறது. மணியைத் திருடியவன் அதை அடிக்காமல் ஆற்றில் போட்டுவிட்டு, படகுக்காரனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து துடுப்புப் போடுகிறான். அவ்வளவுதான் முடிவு. முரசும் இல்லை, முடிசூட்டும் இல்லை. பிடித்திருக்கிறதா சொல். வர்ணனையை வெட்டினால் நேரில் வந்து உதைப்பேன். இத்தனை வருஷம் லஃபெயே கடையில் ஒரு டீயை இரண்டாக்கிக் குடித்துக்கொண்டு பேசிய கதை, நிஜமாகவே முடிந்திருக்கிறது. படித்துப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது, சிரிக்காதே.

வெளியிடும்போது என் பெயரை முழுசாகப் போடு. வேறு பெயரில் ஒளிந்துகொள்ள எனக்கு இஷ்டமில்லை. இதில் கோட்டையும் கெளுத்தியும் தவிர என்ன இருக்கிறது?

இன்னொரு செய்தி. நீ கோபப்படுவாய். தரகரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வண்டி நேற்று என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது.

கேள். நீ அனுப்பிய புதுப் பிரதியைத் தினமும் ஆடுகிறேன். கரண்டு வந்ததும் முதல் வேலை அதுதான். வாசலுக்குப் போனால் காவலன் இப்போது சோழியை மறைவாக உருட்டுகிறான் போல, கண்ணில் காட்டாமலே நகர்ந்துகொள்கிறான், ஒரு தடவைகூட என்னைப் பிடிக்கவில்லை. முதலில் சும்மாதான் ஆடினேன். பிறகு உன் அம்மா தைலம்மா பூப்போட்டுப் பார்ப்பாரே, அந்த ஞாபகம் வந்தது. தரகர் கடைசியாகப் பதில் கேட்ட வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் போய்விட்டு வந்து, மனசில் நினைத்துக்கொண்டு ஆடினேன். பிடித்தால் போவது, விட்டால் இருப்பது. விட்டான். நம்பாமல் மறுபடியும் ஆடினேன், மறுபடியும் விட்டான். ஐந்தில் ஒருவரைப் பிடிக்கிறவன் என்னை மட்டும் பிடிக்கவே மாட்டேன் என்கிறான்!

ஹஜ்ரத்துக்குத் தெரிந்தால் பள்ளிவாசல் படி ஏறவிட மாட்டார். ஆனால் தேவா, எத்தனையோ மாதத்துக்குப் பிறகு ராத்திரி அசந்து தூங்குகிறேன். நேற்று தெருமுனைக்குப் போய் நின்றுகொண்டே மொஹிங்கா சாப்பிட்டேன். லாத்தா கோபத்தில் என் தட்டை மட்டும் டம்மென்று வைக்கிறாள். அத்தா மட்டும் எப்போதும்போல ஏணியைப் பிடிக்கச் சொன்னார்.

உன்
இனாயத்

---

உ

பினாங்கு
20 ஜூலை 2025, சாயங்காலம்

இனாயத்,

முகவுரைக்கு நேரமில்லை. தரகரை உடனே பிடி. அந்த வண்டி போனால் போகட்டும், வேறு வண்டி பார். கிடைக்காவிட்டால் குலுக்கல் முடியும்வரை த்வாண்டேயில் உன் மாமா வீட்டுக்காவது போ.

உன் பிரதியில் சோழியை நான்தான் வேலைசெய்யாமல் பண்ணிவிட்டேன். நீ ஒரு வாரம் எழுதவில்லை என்று சொன்னதும் மனசு கேட்கவில்லை. எடுக்க மாட்டேன் என்று உனக்குக் கடிதமும் எழுதிவிட்டேன், ரோஷம். மற்றவர்களுக்குப் போகிற பிரதியில் அப்படியே இருக்கட்டும், இவன் மட்டும் பயமில்லாமல் ஆடட்டும் என்று நினைத்தேன். உன் பிரதியில் உன்னைப் பிடிக்க அவனால் முடியவே முடியாது. அது நல்ல சகுனம் இல்லையடா, நான் செய்தது.

நீ இதை வைத்துப் பூக்கேட்பாய் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். அம்மா பூப்போட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டதை நானே உனக்கு எழுதினேனே. புத்தி எங்கே போயிற்று எனக்கு!

போனில் கூப்பிட்டுப் பார்த்தேன், போகவில்லை. இதைப் பார்த்ததும் ஒரே ஒரு வார்த்தை எழுது. கிளம்பிவிட்டேன் என்று எழுது.

தேவா

---

786

பபேடான், யாங்கோன்
2 ஆகஸ்ட் 2025

அன்புள்ள தேவராஜுக்கு,

இனாயத்துல்லா எழுதுவது. அத்தாவும் லாத்தாவும் சுகம். நீயும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். அவசரத்தில் நீ முகவுரையை விட்டுவிட்டாய், உனக்கும் சேர்த்து நான் எழுதிவிட்டேன்.

இங்கே இணையம் படுத்துவிட்டது. உன் கடிதத்தை இப்போதுதான் பார்க்கிறேன். அதற்குள் குலுக்கல் முடிந்துவிட்டது. என் பெயர் வந்திருக்கிறது. வார்டு ஆள் வீட்டுக்கே வந்து சொன்னான், மரியாதையாகத்தான் சொன்னான், லாத்தா கொடுத்த டீயையும் குடித்துவிட்டுப் போனான். நாளைக் காலையில் போக வேண்டும். ஓடலாம் என்று உனக்குத் தோன்றும். அத்தாவை வார்டு அலுவலக பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நான் எங்கே ஓடுவது?

எனக்குப் பயமாக இருக்கிறது, அதை உன்னிடம் மறைப்பானேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நீ உன்னைப் போட்டு வதைத்துக்கொள்ளாதே. உன் வேலை எனக்கு அப்போதே தெரியும். எப்போதும் விடுகிறானே என்று சந்தேகப்பட்டு உன் நிரலைத் திறந்து பார்த்தேன். சோழிக்கு நேரே பூஜ்யம் போட்டிருந்தாய். பார்த்துச் சிரித்துக்கொண்டேன், இவனால் சொல்லிவிட்டுச் செய்ய முடியாதா என்று. எல்லாம் தெரிந்துதான் தரகரை வேண்டாம் என்றேன். அத்தாவை விட்டுப் போக மனம் வரவில்லை, அதைச் சொன்னால் நீ விட மாட்டாய் என்று சோழி, பூ என்று கதை கட்டினேன். கதை கட்டுவதுதானே என் வேலை. ஆக, இதில் உன் பங்கு ஒன்றும் இல்லை.

விளையாட்டை வெளியிடு. சோழியை எடுக்காதே, நீ சொன்னதுதான் சரி, அது இருந்தால்தான் ஆட்டம். என் பெயரை மட்டும் இப்போதைக்குப் போடாதே, அத்தாவுக்காகச் சொல்கிறேன். கைப்பேசியை லாத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். தைலம்மாவிடம் நான் ஊருக்குப் போயிருப்பதாகச் சொல்.

உன்
இனாயத்

---

உ

பினாங்கு
30 ஆகஸ்ட் 2025

அன்புள்ள இனாயத்துல்லாவுக்கு,

தேவராஜ் எழுதுவது. இங்கே நான் சுகம். நீ எங்கே இருந்தாலும் சுகமாக இருக்க அம்மனையும் உன் அல்லாஹ்வையும் வேண்டிக்கொள்கிறேன். பார், நானும் முகவுரை எழுதக் கற்றுக்கொண்டேன்.

இதற்கு முன் எழுதியவற்றுக்குப் பதில் இல்லை. எந்த முகாமில் இருக்கிறாய் என்று லாத்தாவுக்கும் தெரியவில்லை. இதையும் அவளே பத்திரமாக வைத்திருப்பாள்.

நம் விளையாட்டு வெளியாகிவிட்டது. எழுத்து என்ற இடத்தில் ஒன்றும் போடாமல் விட்டிருக்கிறேன். ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்கிறார்கள், வருவார் என்று பதில் எழுதுகிறேன். கிள்ளானில் ஒரு டீச்சர் தன் வகுப்பில் எல்லோரையும் உட்காரவைத்து ஆடியிருக்கிறார். யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர், கடைசியில் துடுப்புப் போடும் இடத்தை வாய்விட்டுப் படித்ததாக எழுதியிருக்கிறார். அதில் ஒரு சொல்லைக்கூட நான் வெட்டவில்லை. காவலனைத்தான் எல்லோரும் திட்டுகிறார்கள். திட்டிவிட்டு, முதலிலிருந்து ஆடு என்று தட்டி மறுபடி படகில் ஏறிவிடுகிறார்கள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

அம்மாவிடம் நீ ஊருக்குப் போயிருப்பதாகத்தான் சொன்னேன். எந்த ஊர் என்று கேட்கவில்லை. உன் பேருக்குப் பூப்போடுவதை மட்டும் நிறுத்திவிட்டாள்.

இனி நான் சொல்ல வந்தது. உன் கடைசிக் கடிதத்தைப் படித்துப் படித்து எனக்குப் பாடமாகிவிட்டது. நிரலைத் திறந்தேன், சோழிக்கு நேரே பூஜ்யம் இருந்தது என்று எழுதியிருந்தாய். பூஜ்யம் எதுவும் அங்கே இல்லையடா. சோழி உருட்டும் பகுதியையே வெட்டி எடுத்துவிட்டுத்தான் உனக்கு அனுப்பினேன். திறந்திருந்தால் சோழி என்ற சொல்லே உன் கண்ணில் பட்டிருக்காது. நீ திறக்கவில்லை. நான் செய்ததை நம்பித்தான் இருந்துவிட்டாய். நாளைக் காலை போக வேண்டும் என்ற பயத்திலும், நான் எப்படித் தூங்குவேன் என்று யோசித்து உட்கார்ந்து எழுதியிருக்கிறாய்.

திரும்பி வா, இனாயத். வந்து, திறந்து பார்த்தேன் என்று என் முகத்தைப் பார்த்து இன்னொரு தடவை சொல். நம்பிவிடுகிறேன்.

உன்
தேவா