ஆபீஸுக்கு ஆள் வேணும்

12 செப்டம்பர் 2008, வெள்ளி

படுத்தால் தூக்கம் வரவில்லை, எரிச்சல்தான் வருகிறது.

இணையத்தில் எங்கள் விருதுநகர் மன்றத்தை நானும் சென்னையிலிருக்கும் சேகரும்தான் கண்காணிக்கிறோம். எடை குறைக்கும் மாத்திரை விற்கிற ஒருவனை இத்தனை நாளாக ஒழிக்க முடியவில்லை. தூக்கத் தூக்கப் புதுப் பெயரில் வந்துவிடுகிறான். ஆனால் தாயில்பட்டி போர்மேன் மாரியப்பனை சேகர் இன்று கண்ணை மூடிக்கொண்டு தடை செய்துவிட்டான்.

மாரியப்பன் போட்டிருந்தது இவ்வளவுதான்: "ஆபீஸுக்கு ஆள் வேணும். பொம்பளையாளும் வரலாம். அட்வான்ஸ் உண்டு. வேன் வாசலுக்கே வரும்."

"என்ன வேலைன்னே சொல்லலை. சேர்றதுக்கு முன்னாடியே பணமாம். அசல் மோசடி," என்றான் சேகர் போனில். இங்கே ஆபீஸ் என்றால் பட்டாசுத் தொழிற்சாலை என்று அவனுக்குப் புரியவைப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

அவன் வைத்ததும் மாரியப்பன் கூப்பிட்டார். "சீசன் நேரத்துல ஆள் கேட்டது குத்தமாண்ணே? என்னையப் போயி மோசடிக்காரன்னு போட்டுட்டீகளே!"

தடையை நீக்கினேன். இனி யாருக்கும் சந்தேகம் வரக்கூடாதென்று அவர் பெயரில் நானே திருத்தி எழுதிப் போட்டேன்: "பட்டாசுத் தொழிற்சாலைக்குப் பணியாளர்கள் தேவை. முன்பணமும் வாகன வசதியும் உண்டு."

இப்போது பார்த்தால், சாத்தூர்க்காரர் ஒருவர் பதில் எழுதியிருக்கிறார்: "தொழிற்சாலையாம்ல! நம்ம ஊர்ல எவம்லே இப்படிப் பேசுவான்? இவன் வெளியூர் மோசடிக்காரன். தூக்குங்கய்யா."

அதற்குக் கீழே முதல் ஆளாக வந்து, "சரியாகச் சொன்னீர்கள், நன்றி" என்று எழுதியிருப்பவன் அந்த மாத்திரைக்காரன்.