பேசாமல் இரண்டு மணி நேரம்

பிப்ரவரி 3, செவ்வாய்

மூன்றாவது பீரியட். ஒன்பதாம் வகுப்பில் பூமியைச் சுழற்றிக்கொண்டிருந்தேன். எச்.எம். வாசலில் வந்து நின்று கையசைத்தார். வெளியே போனால், "டீச்சர், வெளிநாட்டுப் பிள்ளைங்க வர்ற விஷயம் இந்த வருஷம் உங்க தலையில" என்றார்.

மாணவர் பரிமாற்றத் திட்டம். வெளிநாட்டுப் பள்ளி ஒன்றிலிருந்து பதினாறு பிள்ளைகளும் ஒரு ஆசிரியையும் வருவார்கள், பத்து நாள் இருப்பார்கள். நம் பிள்ளைகள் பதினாறு பேர் வீட்டில் தங்குவார்கள். ஜூனில் நம் பிள்ளைகள் அங்கே போவார்கள். வந்தவர்களை வைத்துக்கொண்டு பத்து நாளும் என்ன செய்வது என்று நான் திட்டம் போட வேண்டும்.

"நான் ஏன் சார்?"

"நீங்கதானே ஜியாக்ரஃபி."

இது ஒரு காரணமா? உலகப்படத்தைச் சுவரில் மாட்டத் தெரிந்தால் உலகத்தையே உபசரிக்கத் தெரியுமா? தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். முடியாது என்று சொல்லும் வாய் எனக்கு எந்த வயதில் முளைக்குமோ.

பிப்ரவரி 5, வியாழன்

போன வருட ஃபைலைப் புரட்டினேன். வரவேற்புரை, மியூசியம், சிறப்புரை, இன்னொரு மியூசியம், ஆவணப்படம், நன்றியுரை. கடைசியில் அந்தப் பிள்ளைகள் எழுதிக் கொடுத்த கருத்துச் சீட்டுகள். பதினைந்தில் வெறும் "நன்றி". ஒன்றில் மட்டும்: "நாற்காலிகள் வசதியாக இருந்தன."

ஸ்டாஃப் ரூமில் தனியாக உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அதற்குக் கீழே அந்தப் பள்ளியிலிருந்து ஒரு கடிதம். இரண்டு பக்கப் பிள்ளைகளும் பழகவே இல்லை, இந்த முறையும் இப்படியே போனால் திட்டத்தைத் தொடர்வது கடினம் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். சிரிப்பு நின்றுவிட்டது. நம் பிள்ளைகள் பதினாறு பேரும் பாஸ்போர்ட் எடுத்து வைத்துக்கொண்டு நாளை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். மனிதர் பல் டாக்டர்களுக்கு செட் பல் செய்து கொடுக்கிறவர், பேச்சிலும் கடி அதிகம். "உக்கார வச்சே அனுப்பினா வேற எதைப் பத்தி எழுதுவாங்க? நாற்காலியைப் பத்திதான்" என்றார். முதல் தடவையாக அவர் கடியில் ஒரு விஷயம் இருந்தது.

பிப்ரவரி 10, செவ்வாய்

பதினாறு பேரையும் உட்கார வைத்துக் கேட்டேன். வந்தவங்களுக்கு எதைக் காட்டலாம்?

"நம்ம ஊர்ல என்ன மிஸ் இருக்கு?" என்று ஒரே குரலாகக் கேட்டார்கள். எல்லார் முகத்திலும் ஒரு வெட்கம். வீட்டில் விருந்தாளி வரும்போது கிழிந்த சோபாவை மறைத்துக்கொண்டு நிற்போமே, அந்த மாதிரி.

சட்டென்று வாயில் வந்ததைச் சொன்னேன். "ஆளுக்கு ரெண்டு மணி நேரம். நீங்களே யோசிங்க. ஒரே ஒரு நிபந்தனை. வர்றவங்க வேடிக்கை பாக்கக் கூடாது, ஏதாவது செய்யணும். வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு சீட்டுல எழுதிக் கொடுங்க."

சொன்ன பிறகுதான் யோசித்தேன். பதினைந்து வயதுப் பிள்ளைகள் பதினாறு பேரை நம்பி இப்படிச் சொல்லலாமா?

பிப்ரவரி 13, வெள்ளி

சீட்டுகள் வந்துவிட்டன. சைக்கிள் ட்யூபுக்கு பஞ்சர் ஒட்டுவது. ரொட்டி ஆலையில் மாவு பிசைவது. சைக்கிள் ஷெட் சுவருக்குப் பெயின்ட் அடிப்பது. மைக் (அவள் குரலுக்கு வகுப்பு வைத்த பெயர்) எழுதியது: "என் தம்பியை ரெண்டு மணி நேரம் சமாளிப்பது. எதிர்த்து நின்று ஜெயித்தவர் யாரும் இல்லை."

கடைசிச் சீட்டில் ஒரே வார்த்தை. "நடக்கிறது."

எழுதியது உம். எதைக் கேட்டாலும் "உம்" என்று மட்டும் பதில் சொல்வதால் அந்தப் பெயர். இரண்டு வருடமாக என் வகுப்பில் இருக்கிறாள். அவள் குரல் எப்படி இருக்கும் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. சீட்டை வாசித்ததும் எல்லாரும் சிரித்தார்கள்.

"நடந்துகிட்டு என்னம்மா பண்ணணும்?"

"பேசாம நடக்கணும் மிஸ். ரெண்டு ரெண்டு பேரா. பிடிச்சதைக் கைகாட்டணும். அவ்வளவுதான்."

சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். திட்டத்துக்காக இல்லை. உம் நான்கு வாக்கியம் தொடர்ந்து பேசியதற்காக.

பிப்ரவரி 16, திங்கள்

எச்.எம். அட்டவணையை இரண்டு தடவை படித்தார். "மியூசியம் எங்கே? நடக்கிறதுன்னு போட்டிருக்கீங்க, எங்கே நடக்கிறது? எதுக்கு? பஞ்சர் ஒட்டவா டீச்சர் விமானம் ஏறி வர்றாங்க?"

அரைமணி நேரம் இழுபறி. கடைசியில் சமாதானம்: திங்கள், செவ்வாய் அவருடையது. புதனிலிருந்து எங்களுடையது. "ஏதாவது ஒண்ணு ஏடாகூடமா ஆச்சுன்னா, மிச்சம் எல்லாம் ரத்து" என்றார். கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர். எனக்கும் அதே பயம்தான், நான் வெளியே காட்டிக்கொள்வதில்லை.

பிப்ரவரி 21, சனி

உம்மோடு அவள் வழியில் நடந்து பார்த்தேன், பேசாமல். முதல் பத்து நிமிடம் நாக்கு அரித்தது. பிறகு என்னவோ ஆனது. மூன்றாவது மாடியில் யாரோ பியானோவில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தப்பு செய்தார்கள். அப்போதுதான் நிறுத்திய காரின் சூட்டில் ஒரு பூனை மல்லாந்து கிடந்தது. பன்னிரண்டு வருடமாக நான் பஸ் பிடிக்க ஓடும் தெரு அது. அங்கே ஒரு வீட்டுக் கதவு நீல நிறம் என்று இன்றைக்குத்தான் தெரியும்.

பள்ளி வாசலுக்கு வந்ததும், "நல்லா இருந்துச்சும்மா" என்றேன்.

"உம்."

மார்ச் 1, ஞாயிறு

வந்துவிட்டார்கள்! கூட வந்த ஆசிரியை எங்கள் வீட்டில். கெமிஸ்ட்ரி டீச்சர், வட்டக் கண்ணாடி. அவருக்கும் எனக்கும் அரைகுறை இங்கிலீஷ். அரையும் அரையும் சேர்ந்து ஒன்றாகிவிட்டது. வீட்டுக்காரரின் மேஜையில் வரிசையாக இருந்த செட் பல்லைப் பார்த்து ஒரு நிமிடம் அசந்து நின்றார். பிறகு அதில் ஒன்றை எடுத்துக் கையால் பேச வைத்தார். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தால், இரண்டு பேரும் ஆளுக்கொரு பல்லை வைத்து உரையாடிக்கொண்டிருக்கிறார்கள்.

மார்ச் 2, திங்கள்

வரவேற்புரை ஐம்பது நிமிடம். மியூசியம். அவர்கள் ஒரு பக்கம், நம் பிள்ளைகள் ஒரு பக்கம். நடுவே நான், போக்குவரத்து போலீஸ் மாதிரி.

மார்ச் 3, செவ்வாய்

நேற்று மாதிரியே. நாற்காலிகள் வசதிதான்.

மார்ச் 4, புதன்

இன்றைக்கு உலகமே வேறு! காலையில் பஞ்சர். முப்பத்திரண்டு பேர் கையிலும் கிரீஸ். வந்தவர்களில் ஒரு பையன் மூக்கைச் சொறிந்துவிட்டு மீசையோடு நின்றான். பார்த்தவர்கள் எல்லாரும் தாங்களும் மீசை வரைந்துகொண்டார்கள், டீச்சர்கள் உட்பட. மாலையில் மைக்கின் தம்பி. ஆறு வயது. முதல் அரைமணியிலேயே இரண்டு பேரின் ஷூ காணாமல் போனது. "மிஸ், இவங்க நாட்டுலயும் ஒரு தம்பி இருக்கானாம், இதைவிட மோசமாம்!" என்று மைக் தெருவுக்கே கேட்கக் கத்தினாள். மதியச் சாப்பாட்டின்போதே யார் எந்தப் பக்கம் என்று எனக்கே தெரியவில்லை.

மார்ச் 5, வியாழன்

வரிசையாக எழுதுகிறேன்.

இரண்டு மணிக்கு நடை ஆரம்பம். பதினாறு ஜோடி. போனையெல்லாம் ஒரு பெட்டியில் வாங்கி வைத்தேன். கையில் இருந்தால் பேசுவார்கள் என்று. என் மகா புத்தி. நாலு மணிக்குள் பதினைந்து ஜோடி வந்துவிட்டது. உம் வரவில்லை. அவளுடன் போன நெட்டைப் பெண்ணும் வரவில்லை. கொடிக்கம்பம் என்று நம் பிள்ளைகள் செல்லமாகக் கூப்பிடுகிறார்களே, அவள்.

நாலே கால். நாலரை. வழி போட்டவளே உம்தான், அவளுக்கு எப்படித் தப்பும்? பி.டி. மாஸ்டர் ஒரு பக்கம் போனார், எங்க வீட்டுக்காரர் ஸ்கூட்டரை எடுத்துக்கிட்டு இன்னொரு பக்கம். அஞ்சு மணிக்கு எச்.எம். வாசலுக்கே வந்துட்டார். "பொண்ணுங்க எங்கே டீச்சர்? அவங்க அம்மா அப்பாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? இதுக்குத்தானே மியூசியம்னு அடிச்சுக்கிட்டேன்!" தப்பு என் மேலதான். கெமிஸ்ட்ரி டீச்சர் என் கையைப் பிடிச்சுக்கிட்டார். அவர் கையும் ஜில்லுன்னு இருந்துச்சு.

ஐந்து இருபதுக்கு, சைரன் இல்லாமல், மெதுவாக, ஒரு தீயணைப்பு வண்டி கேட்டுக்குள் திரும்பியது. முன் சீட்டில் இரண்டு பேரும்! காது வரைக்கும் இறங்கிய ஹெல்மெட்டோடு! திட்டுவதற்குத்தான் ஓடினேன். கட்டிக்கொண்டு அழுதேன்.

உம் மூச்சுவிடாமல் சொன்னாள். "மிஸ், அந்த அஞ்சு மாடிக் கட்டடத்துல யாரோ தட்டுற சத்தம் கேட்டுச்சு. உள்ள போய்ப் பார்த்தா லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுடுச்சு. உள்ள பார்சல் கொடுக்கிற அக்கா, போனை வண்டியிலேயே விட்டுட்டாங்களாம். மூச்சு முட்டுதுன்னு அழுறாங்க. எந்த வீட்டுலயும் ஆள் இல்ல. தெருவுல நின்னு கத்தினேன் மிஸ், அவ்வளவு சத்தமா கத்தினேன், யாரும் வரல. தீயணைப்பு நிலையத்துக்கு ஓடினேன். இவ அங்கேயே இருந்தா."

வண்டியின் பின்னாலிருந்து அந்தப் பார்சல் பெண்ணே இறங்கினார். முகம் வெளுத்திருந்தது, ஆனால் சிரித்தார். "பிள்ளைங்களைத் திட்டிடாதீங்கன்னு சொல்லத்தான் வந்தேன். இந்தப் பொண்ணு தரையில படுத்து, இடுக்கு வழியா என் விரலைப் பிடிச்சுக்கிட்டுப் பாடிக்கிட்டே இருந்துச்சு. ஒரு வார்த்தை புரியல. ஒன்பது பாட்டு. எண்ணினதாலதான் உயிரோட இருந்தேன்."

வண்டியோடு வந்த அதிகாரி, "விரலை உள்ள விட்டது தப்பு. மத்ததெல்லாம் பிரமாதம்" என்று இரண்டு பேருக்கும் கை கொடுத்தார்.

பிள்ளைகள் போட்ட கூச்சலில் பள்ளிக்கூடமே அதிர்ந்தது. எச்.எம். மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நின்றார். போகும்போது, "நாளைக்கு எழுத்துல விளக்கம் வேணும் டீச்சர். மிச்சம் எல்லாம் ரத்து" என்றார்.

மார்ச் 6, வெள்ளி

விளக்கம் எழுதிக் கொடுத்தேன். போனை வாங்கி வைத்தது என் பிழை, பிள்ளைகள் மேல் பிழை இல்லை என்று எழுதினேன்.

எச்.எம். படித்துக்கொண்டிருக்கும்போதே கெமிஸ்ட்ரி டீச்சர் உள்ளே வந்தார். பின்னாலேயே முப்பத்திரண்டு பேர். அவர் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, மைக் மொழிபெயர்த்தாள். முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தி.

"சார், அவங்க பிள்ளைங்க வேற எங்கேயும் போக வேண்டாம்னு சொல்றாங்களாம். நாளைக்கு இன்னொரு தடவை நடக்கணுமாம். போன் பையில இருக்கட்டும், எடுக்க மாட்டோம்னு சொல்றாங்க. அப்புறம் சார்… உங்களையும் கூப்பிடுறாங்க."

"என்னையா?"

"யார்கூட வேணும்னாலும் நீங்க ஜோடி சேரலாமாம் சார்."

எச்.எம். மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். வரிசையைப் பார்த்தார். கடைசியில் உம்மைப் பார்த்து, "நீ வர்றியாம்மா?" என்று கேட்டார்.

நாங்கள் எல்லாரும் அந்த "உம்"முக்காகக் காத்திருந்தோம். அவளோ, "வர்றேன் சார். ஆனா நீங்க பேசக் கூடாது" என்றாள்.

மார்ச் 7, சனி

நடந்தார்! இரண்டு மணி நேரம். ஒரு வார்த்தை பேசவில்லை. பார்சல் பெண் எதிரே வண்டியில் வந்து, எங்களைப் பார்த்து ஹாரன் அடித்துக் கையாட்டிவிட்டுப் போனார். மூன்றாவது மாடிப் பியானோ அருகே எச்.எம். நின்றுவிட்டார். மேலே கைகாட்டினார். பிறகு, வாசித்தவர் இன்னமும் அதே இடத்தில் தப்பு செய்தபோது, சத்தம் வராமல் தோள் குலுங்கச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

திரும்பியதும் என்னிடம் வந்து, "சுவருக்குப் பெயின்ட் எப்ப டீச்சர்?" என்றார்.

மார்ச் 10, செவ்வாய்

கிளம்பிவிட்டார்கள். விமான நிலையத்தில் அழாதது மைக்கின் தம்பி மட்டும். கெமிஸ்ட்ரி டீச்சர் ஒரு செட் பல்லைக் கேட்டு வாங்கிக்கொண்டு போகிறார். வீடு வெறிச்சென்று இருக்கிறது.

ஏப்ரல் 8, புதன்

அந்தப் பள்ளியிலிருந்து கடிதம். திட்டம் தொடர்கிறது!

ஜூன் 12, வெள்ளி

பதினாறு பேரையும் வழியனுப்பிவிட்டு வந்தேன். உம் போகும் வழியெல்லாம் பேசிக்கொண்டே இருந்தாள் என்று பக்கத்து சீட் பிள்ளை எனக்குப் புகார் செய்தி அனுப்பியிருக்கிறான்.

நவம்பர் 9, திங்கள்

அடுத்த வருட விருந்தாளிகளுக்கான வேலை தொடங்கிவிட்டது. புதுப் பிள்ளைகள், புதுச் சீட்டுகள். இன்று மதியம் ஜியாக்ரஃபி அறையில் தனியாக உட்கார்ந்து அடுக்கிக்கொண்டிருந்தேன். கதவை யாரோ தட்டினார்கள். எச்.எம். அவருடைய பள்ளியில் அவரே கதவைத் தட்டிவிட்டு நிற்கிறார்.

"டீச்சர், பிள்ளைங்க மட்டும்தான் கொடுக்கணுமா? இல்ல, யார் வேணும்னாலும்…?"

"யார் வேணும்னாலும் சார்."

நாலாக மடித்த சீட்டை மேஜையில் வைத்துவிட்டு, நான் பிரிப்பதற்குள் வராந்தாவில் பாதி தூரம் போய்விட்டார். நல்ல கையெழுத்து. பச்சை மை.

"எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. ஐம்பத்தாறு வயது. வருகிற பிள்ளைகள் கற்றுக்கொடுக்கட்டும். இரண்டு மணி நேரம் போதாது என்று நினைக்கிறேன். நான்கு போடவும்."

நான்கு போட்டேன்.