மலைக்குப் போகும் சைக்கிளுக்கு வேண்டியவை

3.10.81, சனி

காலையிலிருந்து மூட்டம். மழை இல்லை. பெரம்பலூர் போய்ச் சைக்கிள் சாமான் வாங்கி வந்தேன். ஆயுத பூஜை முடிந்ததும் பச்சைமலை மேல் ஊர்களுக்கு மலேரியா ரத்தம் எடுக்கப் போக வேண்டும். நானும் தனபாலும். பஸ் கிடையாது, மண் பாதை. ஏறும்போது தள்ளிக்கொண்டு, இறங்கும்போது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு.

இரண்டு வண்டிக்கும் புதுப் பிரேக் கட்டை. எனக்குப் பின் டயர், பழசு மொட்டை. பஞ்சர் சொல்யூஷன், ரப்பர் துண்டு, கைப்பம்பு. டைனமோ வேண்டாம், பகலிலேயே இறங்கிவிடுவோம். பெல்லும் வேண்டாம். மேலே யாருக்கு அடிப்பது? கடைசியாக நல்ல தேங்காய் நார்க் கயிறு ஒரு சுருள்.

கயிற்றைப் பார்த்துத் தனபால் சிரித்தான். "எதுக்குண்ணே இது, மாடு புடிக்கவா?"

பச்சைக் கிளை ஒன்றைக் கேரியரில் கட்டி இழுத்து வந்தால் இறக்கத்தில் வண்டி ஓடாது, மூங்கில் வெட்டுகிறவர்கள் அப்படித்தான் இறங்குகிறார்கள் என்றேன்.

"அப்ப உங்களுது மாட்டு வண்டிதாண்ணே."

எதற்கெடுத்தாலும் சிரிப்பு. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகவில்லை, மலை என்றால் என்னவென்று தெரியாது.

5.10, திங்கள்

தூறல். சரோஜா சிறுவாச்சூர் கோயிலுக்குப் போய்க் குங்குமம் வாங்கி வந்தாள், பூஜைக்கு. கால் வலி என்கிறாள்.

கட்டை மாட்டியாயிற்று. தனபால் வண்டி பிரேக் பிடித்தால் கீச்சென்று கத்துகிறது. தெருவே திரும்பிப் பார்க்கிறது. புதுசு, தேயத் தேயச் சரியாகும் என்றேன். சாப்பிட வந்தவன் அவளிடமும் புகார். (அவன் ஊர் அரியலூர் பக்கம். இங்கே தனி ஆள், அதனால் ராத்திரிச் சாப்பாடு எங்கள் வீட்டில்.)

"அண்ணி, என் வண்டி பன்னிக்குட்டி மாதிரி கத்துது. மலைக்காரங்க முன்னால மானம் போயிடும்."

சரோஜா சிரித்துவிட்டாள். இரண்டாவது பிள்ளையும் தங்காமல் போன பிறகு அவள் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். அதற்காகவே அவனுக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றலாம்.

7.10, புதன்

பூஜை. பொரி, கடலை, வாழைப்பழம் வாங்கக் கடைத்தெரு. பூசணிக்காய் அநியாய விலை, சின்னதாக ஒன்று. திரும்பி வந்தால் வாசலில் இரண்டு வண்டியும் பளபள. சரோஜா கழுவி, சக்கரக் கம்பி ஒவ்வொன்றாகத் துடைத்து, எண்ணெய் பூசி, சந்தனம் குங்குமம் வைத்திருந்தாள். என் ஊசிப் பெட்டிக்கும் ஒரு பொட்டு. இடுப்பு ஒடிந்திருக்கும். நன்றாயிருக்கிறது என்று சொன்னேனா? இல்லை, சொல்லவில்லை.

இன்று வண்டியைத் தொடக்கூடாது. எல்லா வேலைக்கும் நடை.

8.10, வியாழன்

கிளம்புமுன் இரண்டு வரி. வெயில். தனபால் வாசலில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துக் காலை ஊன்றி நின்றான். சத்தமே இல்லை. "அண்ணி கை பட்டதும் அடங்கிடுச்சு பாத்தீங்களா." அவள் முகத்தில் பெருமை. உள்ளே போய் அவனுக்கும் ஒரு கட்டுச்சோறு எடுத்து வந்தாள்.

11.10, ஞாயிறு

எழுத முடியவில்லை. தனபால் செத்துப்போனான்.

வியாழன் மதியம். வேலை முடிந்து இறங்க வேண்டிய இடம். நான் கிளை கட்டிக்கொண்டிருந்தேன். "மெதுவா வாங்கண்ணே, அடிவாரத்துல டீ சொல்லி வைக்கிறேன்." முதல் வளைவு வரை முதுகு தெரிந்தது. வேகம் குறையவில்லை. எனக்கு வேடிக்கை காட்டுகிறான் என்று நினைத்து வாய்விட்டுத் திட்டினேன். அப்புறம் "அண்ணே" என்று ஒரு சத்தம்.

பாறை இடுக்கில் கிடந்தான். தலையில் அடி. ரத்தம் தடவிய கண்ணாடித் தகடெல்லாம் நொறுங்கிச் சுற்றிலும். மலைக்காரர்கள் மூங்கிலில் போர்வையைக் கட்டித் தூளியாக இறக்கினார்கள். என் கயிறு அதற்குத்தான் உதவியது. பாதி வழியில் மூச்சு நின்றது.

வெள்ளி, அவன் ஊர். அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லாத்தானே சைக்கிள் ஓட்டுவான், நல்லாத்தானே ஓட்டுவான்" என்று அதையே கேட்டாள். ஆமாம் என்றேன்.

13.10, செவ்வாய்

மேலிருந்து ஒருவர் அவன் வண்டியைத் தோளில் சுமந்து வந்து போட்டுவிட்டுப் போனார். சரோஜா தண்ணீருக்குப் போயிருந்தாள். முன் சக்கரம் எட்டாக வளைந்திருக்கிறது. பிரேக் கம்பி அறுந்திருக்கும் என்று பார்த்தேன். அறுபடவில்லை. கட்டை அப்படியே இருக்கிறது. விரல் வைத்தால் வழுக்கியது. முகர்ந்தேன். தேங்காய் எண்ணெய். கட்டையில், ரிம்மின் உள்பக்கம், எல்லாம். சத்தத்துக்கு மருந்து போட்டிருக்கிறாள்.

என் வண்டியிலும் அதேதான். அவன் கிடந்த இடம் வரை கிளை இழுத்து வந்தேன், அப்புறம் தள்ளிக்கொண்டுதான், பிரேக்கைத் தொடவே இல்லை.

அவளிடம் சொல்ல மாட்டேன். வியாழனிலிருந்து சோறு இறங்கவில்லை அவளுக்கு. தம்பி தம்பி என்று கூப்பிட்ட வாய். இது தெரிந்தால் கிணற்றைத் தேடிப் போய்விடுவாள், எனக்குப் பயமாக இருக்கிறது. ஆபீசில் பாதை மோசம் என்று சொல்லியிருக்கிறேன், அதுவே இருக்கட்டும். அவன் வண்டியைச் சாக்கு போட்டு மூடிக் கொட்டகையில் தள்ளினேன். என்னுடையதை அவள் இல்லாத நேரம் பார்த்துத் துடைக்க வேண்டும்.

14.10, புதன்

நல்ல மழை. மிச்ச ஊர்களை நாளையே முடிக்கச் சொல்லி ஆபீசர் ஆள் அனுப்பினார். தனியாக. சரோஜா வீட்டை விட்டு நகரவில்லை. துடைக்க முடியவில்லை. விடிவதற்குள் எழுந்து செய்ய வேண்டும்.

கயிறு வேறு வாங்கினேன்.

15.10, வியாழன்

எழுந்தேன். பக்கத்துப் பாய் காலி. மழை விட்டிருந்தது.

கொல்லையில் என் வண்டி பக்கத்தில் குந்தியிருந்தாள். சீயக்காய்த் தண்ணீர், அடுப்புச் சாம்பல், பழந்துணி. ரிம்மின் உள்பக்கம் விரலை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். விரல் நுனியெல்லாம் தோல் போய்ச் சிவந்திருந்தது. கொட்டகையில் நான் போட்ட சாக்கு இடம் மாறிக் கிடந்தது.

போதும் எழுந்திரு என்றேன். கேட்கவில்லை. துணியால் ஒரு தடவை ஒற்றிவிட்டு, பின் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டுப் பிரேக்கை அழுத்தினாள். கீச்சென்று கத்தியது. மறுபடி சுற்றினாள். மறுபடி கத்தியது.

"கத்தட்டும் வுடுங்க" என்றாள்.