சல்லி நிலையத்தின் பழைய கறுப்பு மடிக்கணினியைத் திருப்பித் தருமாறு கோருதல்

அனுப்புநர்:
திருமதி ஜெயரூபி நிலக்சன்,
நிலையப் பொறுப்பாளர்,
கடலன்னை மீனவர் சங்கத் தகவல் நிலையம்,
சல்லி, திருகோணமலை.

பெறுநர்:
திட்டப் பணிப்பாளர்,
கரையோரத் தகவல் நிலையத் திட்டம்,
திருகோணமலை.

விடயம்: புதிதாக வழங்கப்பட்ட மடிக்கணினி கடற்கரைப் பாவனைக்குத் தாங்காமை பற்றியும், மீளப் பெறப்பட்ட பழையதை 05.11.2025 ஏலத்துக்கு முன் எமக்குத் திருப்பித் தருவது பற்றியும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எமது சங்கத்தில் பதினொரு வள்ளங்கள் உள்ளன. இருபத்திரண்டு பேர் தொழிலுக்குப் போகிறார்கள். ஒவ்வொரு வள்ளத்திலும் தங்கள் திட்டம் தந்த, சவர்க்காரக் கட்டியளவான கருவி ஒன்று பூட்டப்பட்டுள்ளது. காற்று எச்சரிக்கை வந்ததும் நிலையத்தில் இருக்கும் நான் கணினியில் ‘திரும்பவும்’ என்பதை அழுத்துவேன். வள்ளங்களில் சிவப்பு விளக்கு எரியும், அவர்கள் கரைக்கு வருவார்கள். கைத்தொலைபேசி எடுபடாத தூரத்தில் வேறு வழி எதுவும் இல்லை. அந்த இருபத்திரண்டு பேரில் ஒருவர் என் கணவர் நிலக்சன்.

2. ஆவணி மாதம் வரை எம்மிடம் இருந்தது ஒரு கறுப்பு மடிக்கணினி. ஏதோ ஒரு கம்பனி அலுவலகத்தில் பாவித்துக் கழித்தது என்று சொல்லித்தான் தந்தார்கள். தடிப்பு, பாரம், பார்வைக்கும் அழகில்லை. ஏழு வருடம் உப்புக்காற்றில் இருந்தது. இரண்டு முறை மேசையிலிருந்து விழுந்தது. ஒருமுறை நானே குடித்துக்கொண்டிருந்த பிளேன்ரீயை அதன் மேல் ஊற்றிவிட்டேன். கவிழ்த்து வைத்துத் துடைத்தேன், மறுநாள் வேலை செய்தது. இந்த ஏழு வருடத்தில் சிவப்பு விளக்கு எரிய வேண்டிய நேரத்தில் எரியாமல் விட்டதில்லை.

3. அதன் ஆயுட்காலம் முடிந்துவிட்டதென்று கடதாசியில் எழுதி, தங்கள் வெளிக்கள உத்தியோகத்தர் அதை எடுத்துச் சென்றார். பதிலுக்கு வெள்ளி நிறத்தில் மெல்லிய புதியதொன்றைத் தந்தார். பழைய இனத்தில் ஒன்று வாங்கும் விலைக்கு இதில் மூன்று வாங்கலாம், அதனால் மூன்று நிலையங்களுக்குக் கொடுக்க முடிந்தது என்றார். நாங்களும் சந்தோசப்பட்டோம் ஐயா. பொய் சொல்ல மாட்டேன், நான் அதைக் கையில் வைத்துப் படமும் எடுத்தேன்.

4. மூன்றாம் கிழமை திரையைப் பிடிக்கும் பிணைச்சல் உடைந்தது. வலைக்குப் பாவிக்கும் தங்கூசி நூலால் கட்டி வைத்தேன். பிறகு சார்ஜர் செருகும் துளையில் கறள் பிடித்தது. தொலைபேசியில் மூன்று தரம் அறிவித்தேன். கவனமாகப் பாவிக்கும்படி மூன்று தரமும் சொன்னார்கள்.

5. எமது பிழையையும் மறைக்காமல் எழுதுகிறேன். ஒவ்வொரு வருடமும் வாணி விழாவன்று நிலையத்துக் கணினியைச் சரஸ்வதி படத்தின் முன் வைத்து, சந்தனம் பூசி, மஞ்சள் தண்ணீர் தெளிப்பது எமது வழக்கம். பழையதுக்கு ஏழு வருடமும் செய்தோம். அதே நினைப்பில் புதியதுக்கும் செய்தோம். நாலு துளி விசைகளுக்குள் இறங்கிவிட்டது. அன்று முதல் அது நினைத்த நேரம் வேலை செய்யும், நினைத்த நேரம் நிற்கும். இதைப் ‘பாவனையாளரின் கவனயீனம்’ என்று உத்தியோகத்தர் பதிந்து சென்றுள்ளார். கவனயீனம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாலு துளி மஞ்சள் தண்ணீரைத் தாங்காத ஒன்றைக் கடலிலிருந்து இருபது யார் தூரத்தில் வைத்து, அதை நம்பி ஆட்களைக் கடலுக்கு அனுப்பச் சொன்னது யாருடைய கவனயீனம் என்பதையும் தாங்கள் தயவுசெய்து பதிய வேண்டும்.

6. 14.10.2025 செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு எச்சரிக்கை வந்தது. நான் அழுத்தினேன். திரை கறுத்தது. சார்ஜரைக் கழற்றிப் பூட்டினேன், மூடித் திறந்தேன், தட்டினேன், கும்பிட்டேன். பத்தரைக்குக் காற்று ஓலைகளைப் பிய்க்கத் தொடங்கியது. சங்கத் தலைவர் அருளம்பலம் ஐயா அறுபத்துநாலு வயதில், தொழிலுக்கு விடாமல் கரையில் கிடந்த பழைய வள்ளமொன்றைத் தள்ளிக்கொண்டு, கண்ணுக்கெட்டியவர்களைக் கூப்பிட்டு வரப் போனார். பெண்கள் எல்லோரும் கரையில் நின்றோம். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

7. இரண்டு மணிக்குள் பத்து வள்ளங்கள் வந்து சேர்ந்தன. சிவகுரு அண்ணரும் அவருடைய மருமகன் நிதுசனும் போன வள்ளம் கவிழ்ந்துவிட்டது. காற்று அவர்களைக் கொட்டியாரக் குடாப் பக்கம் இழுத்துச் சென்றிருக்கிறது. அந்தப் பக்கத்துக் கட்டைபறிச்சான் ஊர் மீனவர்கள் மாலை நாலு மணியளவில் கண்டு தூக்கியிருக்கிறார்கள். அவர்களுக்கு நாங்கள் என்ன செய்தாலும் போதாது. கவிழ்ந்த வள்ளத்தின் கயிற்றைப் பிடித்திருந்த சிவகுரு அண்ணரின் வலது கை விரல்கள் இன்னும் மடங்குவதில்லை.

8. காற்று ஏறுவது தெரிந்தும் ஏன் உடனே வரவில்லை என்று என் கணவரிடம் கேட்டேன். “விளக்கு எரியேல்லை. அதால வலையை இழுத்துப் போட்டு வருவம் எண்டு இருந்தனான்” என்றார். ஐயா, கணினியே இல்லாவிட்டால் அவர்கள் வானத்தைப் பார்த்துத் திரும்பியிருப்பார்கள். செத்துப்போன கணினி அவர்களுக்குக் கடல் நல்லது என்று சொல்லியிருக்கிறது. எனக்கு நித்திரை வராமல் செய்வது இதுதான்.

9. நகரத்தில் கணினி திருத்தும் றஊப் நானாவிடம் கொண்டுபோனேன். அவர் அதைக் கழற்றிக் காட்டினார். பழைய இனத்தில் பிணைச்சலின் ஆணிகள் உலோகச் சட்டத்தில் இறங்கியிருக்கும். இதில் பிளாஸ்ரிக்கில்தான் இறங்கியிருக்கின்றன. அதில் விசைகளுக்குக் கீழே தண்ணீர் வடிய வழி இருக்கும். இதில் தண்ணீர் நேரே உள்ளே போகும். அதில் சார்ஜர் துளை கெட்டால் அந்தத் துண்டை மட்டும் மாற்றலாம். இதில் தாய்ப்பலகையோடு சேர்த்து ஒட்டியிருப்பதால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். வீட்டு மேசையில் வைத்துப் படிக்கிற பிள்ளைக்கு இது நல்ல சாமான், குறை சொல்ல மாட்டேன், ஆனால் உங்கள் வேலைக்கு இல்லை என்றார். துடைத்துத் தந்துவிட்டுக் காசும் வாங்கவில்லை.

10. இப்போது சார்ஜர் வயரை ஒரு பக்கமாகச் சரித்துப் பிடித்தால்தான் அது உயிரோடு இருக்கிறது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். பயத்தில் இரண்டு தரம் எச்சரிக்கை வராமலே அழுத்திப் பார்த்துவிட்டேன். எல்லோரும் பாதியில் திரும்பி வந்து என்னை ஏசினார்கள். இனி விளக்கு எரிந்தாலும் நம்ப மாட்டார்களோ என்ற பயமும் சேர்ந்துவிட்டது. அழுத்தினாலும் பயம், அழுத்தாவிட்டாலும் பயம். கார்த்திகை மாதம் பிறக்க இன்னும் மூன்று கிழமைதான் இருக்கிறது. அந்த மாதத்துக் காற்று எப்படியிருக்கும் என்பதைத் திருகோணமலையில் இருக்கும் தங்களுக்கு நான் எழுதிக் காட்டத் தேவையில்லை.

11. ஆகவே தங்களிடம் தாழ்மையாகக் கேட்பது: ஏலத்துக்கென்று தங்கள் களஞ்சியத்தில் வைத்திருக்கும் பழைய கறுப்பு மடிக்கணினியை உடனே எமக்குத் தர வேண்டும். அதற்கு ஆயுட்காலம் முடியவில்லை. இதே புதிய இனம் வழங்கப்பட்ட மற்ற இரண்டு நிலையங்களையும், அங்கே ஏதும் நடப்பதற்கு முன், ஆள் அனுப்பிப் பார்க்க வேண்டும்.

12. ‘வழங்கப்பட்ட கணினி திருப்திகரமாக இயங்குகிறது’ என்ற படிவத்தில் கையொப்பமிட்டு 31ஆம் திகதிக்கு முன் அனுப்பும்படியும், அனுப்பாவிட்டால் எமது நிலையம் திட்டத்திலிருந்து நீக்கப்படும் என்றும் தங்கள் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்துள்ளது. நிலையம் போய்விடுமே என்று பேனையை எடுத்தேன். கை வரவில்லை. படிவத்தை வெறுமையாகவே இத்துடன் இணைத்துள்ளேன். அதன் பின்பக்கத்தில் இருபத்திரண்டு பேரின் பெயர்களையும் எழுதியிருக்கிறேன். திருப்திகரம் என்று எழுதித்தான் ஆக வேண்டுமென்றால், தங்கள் அலுவலகத்தில் யாராவது ஒருவர் அந்தப் பெயர்களை ஒருமுறை சத்தமாக வாசித்துவிட்டு, தன் கையால் ஒப்பமிடட்டும்.

தங்கள் பதிலைப் பயத்தோடு எதிர்பார்த்திருக்கும்,

(ஒப்பம்)
ஜெயரூபி நிலக்சன்

இடம்: சல்லி
திகதி: 27.10.2025

இணைப்பு: கையொப்பமிடப்படாத படிவம் – 1