அமலி அக்காவின் பைலட் வாட்ச்

என் அமலி அக்கா,

நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. உன் வாட்ச் என் கையில்தான் இருக்கிறது. யாருக்கும் கொடுக்கவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் சித்தப்பா ஆரம்பித்தார். "அது ஆம்பள வாட்ச்சுதானம்மா? தம்பிக்குக் குடுத்துரு." அம்மாவும் தலையாட்டினாள். நான் எல்லார் முன்னாலும் எடுத்துக் கட்டிக்கொண்டேன். என் மணிக்கட்டில் அது தொளதொளவென்று ஆடியது. மறுநாளே வாரில் கூடுதலாக இரண்டு ஓட்டை போட்டுவந்தேன்.

நீ அதை வாங்கிய நாளில் நானும் கூட இருந்தேனே! கடைக்காரர் தங்க நிறத்தில் மெல்லிய லேடீஸ் வாட்சுகளாக எடுத்துப் போட்டார். நீ மேல் தட்டிலிருந்த கறுப்பு முகப்பைக் காட்டினாய்.

"அது பைலட்டுங்க கட்டறதுங்க. இருட்டு, குலுக்கல் எல்லாத்தையும் தாங்கும். உங்களுக்கு எதுக்குங்க?"

"பைலட்டுக்கு ரெண்டு கையும் வேலையிலதான இருக்கும், அண்ணாச்சி? எனக்கும் அப்படித்தான்."

துணியின் ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் கையை எடுக்காமல், ஒரே பார்வையில் மணி தெரிய வேண்டும் உனக்கு. அந்தப் பெரிய வெள்ளை எண்களை அதற்காகத்தான் தேர்ந்தெடுத்தாய். முகப்பைச் சுற்றியிருக்கும் வளையத்தைத் திருப்பி, முக்கோணக் குறியை நிமிட முள்ளுக்கு நேரே வைத்தால் எத்தனை நிமிடம் போனது என்று அதுவே காட்டும். அதை வைத்துத்தான் நீ கண்டுபிடித்தாய், நம் பனியன் கம்பெனியில் சாப்பாட்டு இடைவேளை முப்பது நிமிடம் இல்லை என்று.

என்னிடம்தான் முதலில் சொன்னாய், ஆபீஸில் போய்க் கேட்கக் கூட வரச் சொன்னாய். "விடுக்கா, வேலை போயிரும்" என்றேன். அன்று உனக்கு எப்படி இருந்திருக்கும்? கேட்காமலே விட்டுவிட்டேன். அடுத்த வாரமே காய்ச்சலில் படுத்தாய். அப்புறம் நீ எழுந்திருக்கவே இல்லை.

போன மாதம் நானே பார்த்தேன். பெல் அடித்ததும் வளையத்தைத் திருப்பினேன். மறு பெல்லுக்கு இருபத்து மூன்று நிமிடம். மூன்று நாளும் அதேதான். நான்காம் நாள் பெல் அடித்தது, நான் சாப்பாட்டு மேசையைவிட்டு எழுந்திருக்கவில்லை.

சூப்பர்வைசர் வந்தார். "ஏனுங்க ஸ்டெல்லா, பெல் காதுல உழுகலீங்களா?"

"விழுந்துச்சு சார். இன்னும் ஏழு நிமிஷம் இருக்கு."

"வாட்ச்சப் பார்த்தா பிளேன் ஓட்டறவிங்க மாதிரி இருக்குதுங்க. நீங்க ஓட்டறது மெஷினுங்க."

"மெஷின் ஓட்டுறவளுக்கும் அரை மணி நேரம்தான சார் ரூல்ல போட்டிருக்கு?"

மூடிய டிபன் பாக்ஸை மறுபடி திறந்துவைத்தேன், அக்கா. அப்போது எதிர் மெஷினுக்குப் போய்விட்டிருந்த ஒடியாக்காரப் பெண் சுனிதா டிபன் பாக்ஸோடு திரும்பி வந்தாள். "நானும் உட்கார்றேன் தீதி" என்றாள்; அக்காவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். பிறகு ஒருத்தி, இன்னும் ஒருத்தி. மேனேஜர் வந்து தன் போனை என் வாட்சோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது எங்கள் லைன் முழுக்க உட்கார்ந்திருந்தது. அவர் போனைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனார். மறுநாள் முப்பது நிமிடம் கழித்துத்தான் பெல் அடித்தது. இன்றுவரை அப்படித்தான்.

என்னைச் சும்மா விடவில்லை. தையலிலிருந்து எடுத்து, பிசிறு வெட்டும் மேசைக்கு மாற்றிவிட்டார்கள். "வாட்ச்சக் கழட்டி வெச்சிருங்க, துணியில மாட்டும்" என்றார் சூப்பர்வைசர். "எழுதிக் குடுங்க சார், கழட்டுறேன்" என்றேன். இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை. கத்தரி பிடித்துப் பிடித்து விரல் காய்த்துவிட்டது. அழவில்லை. வேலையை விட்டு நிற்பேன் என்று காத்திருக்கிறார்கள், நன்றாகக் காத்திருக்கட்டும்!

ஒரு செய்தி சொல்ல வேண்டும். அடுத்த வாரம் தொழிலாளர் கமிட்டிக்குத் தேர்தல். இதுவரை மேனேஜர் சொன்ன ஆட்கள்தான் நின்றார்கள். இந்த முறை நான் பெயர் கொடுத்திருக்கிறேன். சித்தப்பா, "ஊருக்கே திரும்பி வந்துரு" என்று போனில் திட்டினார். அம்மா மட்டும், "எத்தன ஓட்டு வேணும்டி?" என்று கேட்டாள்.

ஜெயிப்பேனா, தெரியாது. தோற்றால் அடுத்த முறையும் நிற்பேன். ஆனால் இனி ஒருத்தி வந்து என்னிடம் குறை சொன்னால், முழுக்கக் கேட்டுவிட்டு அவளோடு ஆபீஸ் அறைக்குள் நானும் போவேன். உன்னோடு போகாத நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு இது, அக்கா.

உன் கூடப்பிறந்தவள்,
ஸ்டெல்லா
மண்ணரை, திருப்பூர்