வாளியில் ஊறிய சட்டைகள்

மார்ச் 3
மதிப்பிற்குரிய நாட்குறிப்பே, வணக்கம். தாமதத்தைப் பொறுத்தருள்க. தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தங்கையின் கணவர் அலைபேசிக் கோபுரங்களில் ஏறி ஆன்டெனா பொருத்துபவர். வேலை முடிந்து வந்து குழந்தையைத் தூக்கக் கை நீட்டினார். தடுத்தேன். கோபுரத்துக் கதிர்வீச்சு ஆடையில் படிந்து வரும் என்று விளக்கினேன். நூலகத்தில் நானே படித்தறிந்த செய்தி. இனி அவர் சட்டைகள் வாசலில் தனி வாளியில் ஊறும்.

“அப்ப என்னையும் சேத்து ஊறப் போட்டுடுங்கக்கா” என்று சிரித்தார்.

மார்ச் 9
குளித்துவிட்டு வந்தும் மாப்பிள்ளை கதவோரமே நிற்கிறார். என் சொல்லுக்கு இத்துணை மதிப்பு! மகிழ்ச்சியாகவே இருந்தது, மறைப்பானேன்?

மார்ச் 15
மாப்பிள்ளை வெளியூர் வேலை கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். தங்கை வெடித்தாள்: “அவரு என்ன தொத்து நோய்க்காரரா? பெத்த புள்ளைய இன்னும் ஒரு தடவகூட தூக்கலக்கா!”

மார்ச் 18
அவளுக்கு நிரூபிக்கவே நூலகம் சென்றேன். அதே நூல். ஆடையில் படிவது அணு உலை விபத்தில் பறக்கும் கதிரியக்கத் தூசு. அன்று அந்தப் பக்கத்தோடு நூலை மூடியிருக்கிறேன்.

அடுத்த அத்தியாயம் ரேடியோ அலைகள். பெயர்தான் ரேடியோ; தொலைக்காட்சி, அலைபேசி, ரேடார் யாவும் அவற்றையே நம்பியுள்ளன. ஒளியின் இனமே; ஆனால் அலைநீளம் மிக அதிகமாதலால் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. இயங்கும் ஆன்டெனாவை நெருங்கி நின்றால் உடல் சூடேறும். ஆகவே அதை அணைத்துவிட்டே வேலை செய்கிறார்கள். அணைத்தால் அலை இல்லை. விளக்கை அணைத்தபின் சட்டையில் வெளிச்சம் ஒட்டிக்கொண்டா இருக்கும்?

அடிப் பாவி. தகப்பன்கிட்டேருந்து புள்ளைய பிரிச்சிட்டியேடி. கதவோரம் நின்னாரே அந்த மனுஷன் — அதப் பாத்து பூரிச்சுப் போனியே!

மார்ச் 19
படிக்கட்டில் எதிர்வீட்டு அம்மாள்: “மாப்பிள்ள ஊர்ல இல்லையாமே? நல்லதுதான். நீங்க அன்னிக்கே சொன்னீங்களே!”

இதைத் தெருவெல்லாம் பரப்பி வைத்திருக்கிறேன். “நான் சொன்னது தப்புங்க” என்று அவரைப் படியிலேயே நிறுத்திச் சொன்னேன்.

தங்கையிடமும் ஒப்புக்கொண்டேன். “எங்கிட்ட எதுக்கு? அவருகிட்ட சொல்லு.”

கைப்பேசியில் ‘மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, எனது அறியாமையின் பொருட்டு’ என்று தொடங்கினேன். அழித்தேன். மன்னிப்புக்கும் மேடைப் பேச்சா?

மார்ச் 20
வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். பிறகு செய்தி அனுப்பினேன். அதுவும் அந்த அலையில்தான், ஏதோ ஒரு கோபுரத்தின் வழியாகத்தான் அவரைச் சேர வேண்டும்.

“தம்பி, நான் சொன்னது தப்பு. அரைகுறையா படிச்சிட்டுப் பேசினேன். உங்க மேல எதுவும் ஒட்டல. வந்து புள்ளைய தூக்குங்க. சீக்கிரம் பதில் போடுங்க.”