ஊதா நாடா கட்டிய பெட்டி

மரியே வாழ்க

மேலப்புதூர், திருச்சி
தவக்காலம் நான்காம் ஞாயிறு

அன்பு மகள் ஜெசிந்தாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் என் மூட்டுவலியும் சுகம். அங்கே நாக்பூரில் நீயும் மாப்பிள்ளையும் குட்டிப் பயலும் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். தினமும்தான் போனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் நீ அழுதுவிடுகிறாய், நீ அழுதால் எனக்குச் சொல்ல வந்தது மறந்துவிடுகிறது. கடிதத்தில் யாரும் குறுக்கே அழ முடியாது பார். வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. இந்த வருஷம் நம் தவக்காலமும் பக்கத்து வீட்டு தஸ்லிமாவின் நோன்பும் ஒன்றாக வந்ததில் எனக்குக் கொண்டாட்டம்தான், சாயங்காலமானால் ஒரு தூக்கு நோன்புக் கஞ்சி வந்துவிடுகிறது. வெள்ளிக்கிழமை நாம் கறி தொடமாட்டோம் என்று அன்றைக்கு மட்டும் எனக்குத் தனியாகக் கறி போடாமல் காய்ச்சுகிறாள். அவள் என்னை அப்பா என்றுதான் கூப்பிடுகிறாள், நீ பொறாமைப்படாதே.

வீட்டைப் பூட்டிவிட்டு உன்னோடு வந்துவிடச் சொல்லி நீ கேட்கும்போதெல்லாம் பார்க்கலாம் பார்க்கலாம் என்று தட்டிக் கழித்தேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது, வெளியே சொல்ல வெட்கமாக இருந்ததால் சொல்லவில்லை. இப்போது சொல்லியாக வேண்டியிருக்கிறது, பொறுமையாகப் படி.

உன் அம்மாவின் தவக்காலச் சட்டம் உனக்குத் தெரியும். நாம் வயிற்றைக் காயப்போட்டால் போதாது, வீட்டுக்கும் ஒருசந்தி வேண்டும் என்பாள். விபூதிப் புதனிலிருந்து வீட்டைக் குடைந்துகொண்டே இருப்பாள். கோவிலில் மாதா, சூசையப்பர் சுரூபங்களை மூட ஊதாத் துணி தைத்துக் கொடுப்பாளே, அதில் மிஞ்சிய துணியை நாடா நாடாவாக வெட்டி பிஸ்கட் டின்னில் வைத்திருப்பாள். எந்தச் சாமானில் அந்த நாடாவைக் கட்டுகிறாளோ அது ஈஸ்டருக்குள் வீட்டை விட்டுப் போய்விட வேண்டும். கட்டினது கட்டினதுதான், அவிழ்க்கக் கூடாது. உன் பாவாடை தாவணிக்கெல்லாம் அவள் நாடா கட்டியபோது நீ பீரோவைப் பிடித்துக்கொண்டு அழுதாயே, நினைவிருக்கிறதா. போன தவக்காலத்திலும் கட்டிக்கொண்டே வந்தாள். குருத்து ஞாயிறு வருவதற்குள் புத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து அவளை வெள்ளைத் துணி சுற்றிக் கொண்டுவந்தோம். கட்டின சாமானெல்லாம் கட்டினபடியே ஒரு வருஷம் கிடந்தது, எனக்குத் தொட மனம் வரவில்லை. குக்கர் கைப்பிடியில் ஊதா, சுவர்க் கடிகாரத்தில் ஊதா, பழைய மின்விசிறியில் ஊதா. வீடு முழுக்க அவள் கை ஆடிக்கொண்டிருந்தது.

இந்த விபூதிப் புதன் அன்று நெற்றியில் சாம்பலோடு வந்து உட்கார்ந்தபோது, அவள் விட்ட வேலையை நாமாவது முடிப்போம் என்று தோன்றியது. முதலில் பெரிய குக்கரை தஸ்லிமாவுக்குக் கொடுத்தேன். கஞ்சிக்கு ஆச்சு என்று சந்தோஷமாக வாங்கிக்கொண்டாள். சில நாள் கழித்துக் காலையில் அடுப்படிக்குப் போனால் குக்கர் மேடை மேல் உட்கார்ந்திருக்கிறது, கைப்பிடியில் நாடாவோடு. அதற்குப் பிறகு புதுப்புது நாடாக்கள் கண்ணில் பட்டன. போன வருஷம் கட்டாத சாமானில், என் குடையில், மரப் பெஞ்சின் காலில். பிஸ்கட் டின்னில் நாடா குறைந்துகொண்டே வந்தது. ஜெபம் சொல்லிவிட்டுத் திரும்பினால் கத்திரிக்கோல் இடம் மாறியிருக்கும். எனக்குப் பயம் வரவில்லை ஜெசிந்தா. உள்ளதைச் சொல்கிறேன், உன் அம்மா போன பிறகு நான் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததே இல்லை. அவள் வந்து போகிறாள், எனக்கு முன்னாலேயே ஒவ்வொரு அறையாக நடக்கிறாள் என்று நினைத்தேன். ராத்திரி ஒரு தம்ளர் தண்ணீர் கூடுதலாக எடுத்து வைத்தேன். காலையில் எழுந்ததும் இன்றைக்கு எதில் கட்டியிருக்கிறாள் என்று தேடுவதுதான் முதல் வேலை. இதை உன்னிடம் சொன்னால் அடுத்த ரயிலிலேயே வந்து என்னை மூட்டை கட்டிவிடுவாய், அவளை இந்த வீட்டில் தனியாக விட்டுவிட்டு எப்படி வருவது? அதனால்தான் வாயைத் திறக்கவில்லை.

போன வாரம் சுவர்க் கடிகாரத்தை ஸ்ரீரங்கத்தில் இருக்கும் பீமராவுக்குக் கொடுக்கக் கிளம்பினேன். பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப்பில் என்னோடு வேலை பார்த்தவர், உன் கல்யாணத்தில் பந்தி விசாரித்தாரே அவர்தான். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் மாறி ஏறி, பாலம் தாண்டி, அவர் வீட்டுப் படியேறி உட்கார்ந்து பையைத் திறந்தால் பை காலி. கடிகாரத்தைப் பஸ்ஸில் விட்டுவிட்டேன் என்று பதறினேன். அவர் சுவரைக் காட்டினார். "யோவ் இன்னாசி, நேத்துதானேய்யா கொண்டாந்து குடுத்தே, நீதானே ஸ்டூல் மேல ஏறி மாட்டுனே" என்றார். கடிகாரம் அவர் வீட்டுச் சுவரில் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அந்த நேற்று கொஞ்சமும் நினைவில் இல்லை. ஏதோ சிரித்துச் சமாளித்தேன், அவர் சிரிக்கவில்லை. சத்திரம் வரை கூடவே வந்து, என்னை பஸ்ஸில் உட்கார வைத்து, கண்டக்டரிடம் மேலப்புதூரில் இறக்கிவிடச் சொல்லிவிட்டுப் போனார். பொன்மலையில் ஒரு காலத்தில் ஒரு எஞ்சினையே பிரித்துப் பூட்டியவனை இப்போது கண்டக்டர் கையில் பிடித்துக் கொடுக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் தஸ்லிமாவைக் கூப்பிட்டுக் குக்கர் எப்படித் திரும்பி வந்தது என்று கேட்டேன். முதலில் சொல்லமாட்டேன் என்றாள். வற்புறுத்திய பிறகு, நான்தான் வந்து குக்கரைக் காணோம் என்று அவளிடம் கேட்டேனாம், வயசானவரிடம் என்ன வாதம் என்று அவளே கழுவி நாடாவோடு கொண்டுவந்து வைத்தாளாம். மறுநாளே நான் அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் புதுசாகக் கொடுப்பதுபோல் மறுபடி கொடுத்தேனாம். இப்படி வந்தும் போயும் இருந்திருக்கிறது. இருக்கட்டும்ப்பா, எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போதும் நான் நம்பவில்லை. குக்கர் சரி, நாடாக்கள்? அவை உன் அம்மா கட்டியவைதானே என்று ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தேன். உன் அம்மா இடதுகைக்காரி, பூ மாதிரி முடிச்சுப் போடுவாள், இரண்டு காதும் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். மின்விசிறியில் இருந்தது அவளுடையது. குடையில் இருந்தது அப்படியில்லை. இரண்டு சுற்றுச் சுற்றி வாலை உள்ளே செருகின முடிச்சு. ஒர்க் ஷாப்பில் சாமானுக்குச் சீட்டுக் கட்ட நாங்கள் போடுவது அது, இந்த வீட்டில் என்னைத் தவிர யாருக்கும் அந்த முடிச்சுத் தெரியாது. பெஞ்சிலும் அதே முடிச்சு. என் சட்டைப் பையில் கைவிட்டால் ஊதா நூல் பிசிறு. உன் அம்மா வந்து போகவில்லை ஜெசிந்தா. நான்தான். அவளை இரண்டாவது தடவை அடக்கம் செய்ததுபோல அன்றைக்கு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன், தஸ்லிமா கஞ்சி ஆறுகிறது என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தாள்.

கடைசியாகப் பரண் மேலிருந்து உன் பெரிய நீலப் பெட்டியை இறக்கினேன், நீ போன தடவை எனக்காகவே விட்டுப்போனது. அதன் பிடியிலும் நாடா. முடிச்சு என்னுடையதுதான், நான் கட்டின நினைவு இல்லை. என் வாய் உன்னிடம் மாட்டேன் மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது என் கை எப்போதோ எழுந்து போய் அதைக் கட்டியிருக்கிறது. கட்டினது கட்டினதுதானே. பெட்டி ஈஸ்டருக்குள் வீட்டை விட்டுப் போக வேண்டும், வெறும் பெட்டியாக அனுப்பினால் உன் அம்மா சிரிப்பாள். வந்து கூட்டிக்கொண்டு போம்மா. தனியாக ரயில் ஏறினால் எங்கே இறங்குவேன் என்று எனக்கே நிச்சயமில்லை. அதற்குள் தில்லை நகரில் ஒரு டாக்டரிடம் பீமராவ் கூட்டிப்போகிறார், நீ அலறிக்கொண்டு போன் செய்யாதே.

மாதாவும் சூசையப்பரும் உங்கள் மூவரையும் கைவிடாமல் காக்கட்டும், பேரன் நெற்றியில் என் பேரைச் சொல்லி ஒரு சிலுவை போட்டுவிடு. மாப்பிள்ளைக்கு என் அன்பு, லீவு கிடைக்கவில்லை என்று அவரோடு சண்டை போடாதே. ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். இதே சங்கதியோடு என்னிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தாலும் வரும். ஏற்கெனவே எழுதிவிட்டீர்களே என்று சொல்லிவிடாதே, முதல் தடவை படிப்பதுபோலப் படி.

உன் அப்பா,
சூ. இன்னாசிமுத்து